கூட ஓட ஆள் தேடுதல்

கொழும்பில் ரேசிங் சைக்கிள் வாங்கப் பணம் வேண்டும். அதை ஓட விடியுமுன் எழும்பும் பழக்கம் வேண்டும். இரண்டும் கைகூடிய பிறகும் பலருக்குக் கிடைக்காமல் இருப்பது கூட ஓடப் பொருத்தமான ஒருவர். போட்டிக்கு ஓடுகிறவர்களுக்குப் பயிற்றுநரும் அணியும் உண்டு. வேலைக்குப் போய் வருவதற்காக ஓடுகிறவர்கள் துணையை எதிர்பார்ப்பதில்லை. வார இறுதியில் ஐம்பது, அறுபது கிலோமீற்றர் ஓடி, வழியில் ஒரு கடையில் பிளேன்டீ குடித்து, வெயில் ஏறுமுன் வீடு திரும்ப நினைக்கும் என்னைப் போன்றவர்களுக்குத்தான் இந்தத் தேடல். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு சில ஆண்டுகளாகத் துணை தேடியும் கண்டடைந்தும் இழந்தும் வந்ததில், பொருத்தம் என்பது எதில் இருக்கிறது என்பது பற்றி எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டிருக்கிறது. எல்லாரும் முதலில் விசாரிப்பது வேகத்தை. நான் இப்போது முதலில் பார்ப்பது, வாகனங்கள் நடுவே ஒருவர் எவ்வளவு துணிகிறார் என்பதை.

துணை எதற்கு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருப்பதால், ஆண்டு முழுவதும் சூரியன் காலை 5.50க்கும் 6.30க்கும் இடையிலேயே உதிக்கிறது. எட்டு மணியானால், காலி நகரை நோக்கிச் செல்லும் காலி வீதியில் வாகனம் நிறைந்துவிடும். எட்டரைக்குப் பிறகு வெயிலும் புழுக்கமும் சேர்ந்து உடலை உருக்கும். ஆகவே அறுபது கிலோமீற்றர் ஓட வேண்டுமானால் ஐந்து மணிக்கு, இருட்டோடு புறப்பட வேண்டும். அந்த நேரத்தில் வீதியில் இருப்பவை தெருநாய்களும், ஆளில்லாத வீதியைக் கண்டு வேகமெடுக்கும் லொறிகளும், நித்திரை கலையாத ஓட்டோச் சாரதிகளும்தான். ஒரு பெண் அந்த வேளையில் தனியாக ஓடலாமா என்பதற்கு என் வீட்டில் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு பதில் இருக்கிறது; எல்லாப் பதில்களும் சத்தமாகவே சொல்லப்படும். சில்லுக் காற்றுப் போய் மொரட்டுவையில் வீதியோரம் குந்தியிருக்கும்போது பக்கத்தில் ஒருவர் நிற்பதற்கும் நிற்காததற்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்கத் தேவையில்லை. இதைவிட எளிய காரணம் ஒன்றும் உண்டு. இரண்டு பின்விளக்குகள் ஒன்றாக மினுங்கினால், பின்னால் வரும் பஸ் சாரதிக்கு அது ஏதோ ஒரு வாகனமாகத் தெரிகிறது. ஒன்று மட்டும் மினுங்கினால் அவர் அதைப் பொருட்படுத்துவதே இல்லை.

என் தந்தையாருக்கு இந்தப் பேச்சே விளங்குவதில்லை. யாழ்ப்பாணத்தில் சைக்கிளுக்குத் துணை தேடியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையினால் பெற்றோல் அற்றுப்போன ஆண்டுகளில், அங்கே விறகு, மரக்கறி, நோயாளி, மணமகள் என்று எல்லாமே சைக்கிளில்தான் போயின. ரியூசன் முடிந்து வரும் பிள்ளைகள் வீதியின் அகலம் எவ்வளவோ அவ்வளவுக்கும் பக்கம் பக்கமாகப் பரவி, கதைத்துக்கொண்டே வந்தார்கள். எல்லாரிடமும் லுமாலா சைக்கிளோ பழைய றலி சைக்கிளோ இருந்தது. எல்லாரும் ஒரே வேகத்தில் போனார்கள். எல்லாரும் ஒரே திசையில் வீடு திரும்பினார்கள். பொருத்தம் பார்க்க வேண்டிய தேவை எழவில்லை. கொழும்பில், காரும் பஸ்ஸும் ஓட்டோவும் இருக்கும்போது விருப்பத்துக்காகச் சைக்கிள் ஓடுகிறவர் தனியாளாகிவிடுகிறார். அவரைப் போன்ற இன்னொருவர் எந்தத் தொடர்மாடியில் இருக்கிறார் என்பது தெரிவதில்லை.

2022இன் பொருளாதார நெருக்கடி இதைச் சில மாதங்களுக்கு மாற்றியது. எரிபொருளுக்கு வரிசையில் நின்று களைத்து, ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து கொடுக்கப்பட்ட அந்தக் காலத்தில், என் அலுவலகத்திலேயே சைக்கிளில் வருவோர் திடீரென்று பெருகினார்கள். சைக்கிள் விலையும் கூடவே பறந்தது. எரிபொருள் வழமைக்குத் திரும்பியதும் அவற்றிற் பெரும்பாலானவை பல்கனிக்குப் போய் உடுப்புக் காயப்போட உதவின. ஆனால் அப்போது ஓடத் தொடங்கியவர்களில் ஒரு சிலருக்கு அது பிடித்துப்போய்விட்டது. இன்று ஞாயிறு விடியற்காலையில் சுதந்திரச் சதுக்கத்திலும், காலி முகத்திடலிலும், பத்தரமுல்லையில் தியவன்னா ஓயாவை ஒட்டிய வீதிகளிலும் காணப்படும் நடுத்தர வயதினரில் பலர் அந்த நெருக்கடியில் சைக்கிளுக்கு வந்தவர்களே என்று அவர்களோடு கதைத்ததில் அறிந்துகொண்டேன். நாம் துணை தேடும் வட்டம் இதுதான், அது பெரியதன்று.

தேடத் தொடங்கியதும் எல்லாரும் ஓர் எண்ணைக் கேட்பார்கள்: ‘உங்கள் சராசரி என்ன?’ மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்பதுதான் கேள்வி. ஓட்டத்தைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா என்ற செயலி வந்த பிறகு இந்தக் கேள்விக்கு எல்லாரிடமும் பதில் இருக்கிறது, பதிலில் தசமப் புள்ளியும் இருக்கிறது. ஆனால் இந்த எண்ணை நம்பி ஒருவரோடு புறப்படுவது அவ்வளவு புத்திசாலித்தனம் இல்லை. காலை ஐந்து மணிக்கு வெறிச்சோடிய காலி வீதியில் எடுத்த 27க்கும், எட்டு மணிக்குத் தெஹிவளைச் சந்தியில் நின்று நின்று எடுத்த 27க்கும் தொடர்பே கிடையாது. சமிக்ஞை விளக்கில் நின்ற நேரத்தைச் சிலர் கருவியில் கழித்துவிடுகிறார்கள், சிலர் கழிப்பதில்லை. பத்துப் பேருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பெற்ற சராசரியைத் தனியாளாகப் பெற்றதைப் போலச் சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்கே அது தெரியாது.

அது ஏன் தெரியாமற் போகிறது என்பதற்குக் காற்றுத்தான் காரணம். சமதரையில் சைக்கிள் ஓடும்போது, மணிக்கு இருபது கிலோமீற்றரைத் தாண்டிய பிறகு நம் வலுவின் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும், அதை வெல்லத் தேவையான வலு வேகத்தின் கனத்துக்கு (மூன்றாம் அடுக்குக்கு) ஏற்பவும் கூடுகின்றன. 20இலிருந்து 25க்குப் போக, காற்றுக்காக மட்டும் ஏறத்தாழ இருமடங்கு வலு வேண்டும். இன்னொருவரின் பின்சில்லை ஒட்டி, ஒரு மீற்றருக்குட்பட்ட இடைவெளியில் ஓடினால், அந்தச் செலவில் கால்வாசியோ மூன்றில் ஒன்றோ குறைகிறது. அதனால் தனித்தனியாக ஓடினால் 28 எடுக்கும் ஒருவரும் 25 எடுக்கும் ஒருவரும், பலமானவர் முன்னால் காற்றை வாங்கிக்கொள்ள, 27இல் சேர்ந்தே ஓடிவிடலாம். தனித்தனியாக ஓடியிருந்தால் அறுபது கிலோமீற்றர் முடிவில் ஒருவர் மற்றவருக்காகக் கால்மணி நேரம் காத்திருக்க நேரிடும். சேர்ந்து ஓடினால் அந்தக் கால்மணி நேரம் காணாமற் போய்விடுகிறது. கொழும்பைச் சுற்றியுள்ள வீதிகள் பெரும்பாலும் சமதரையாக இருப்பது இதற்கு வசதி. கண்டி வீதியிற் கடுகண்ணாவை ஏற்றத்துக்குப் போனால்தான் இந்தச் சலுகை பறிபோகும். அங்கே வேகம் குறைந்துவிடுவதால் ஒளிந்துகொள்ளக் காற்று இல்லை, உடல் எடையும் காலும்தான் பேசும். ஆகவே வேகத்தில் இரண்டு மூன்று கிலோமீற்றர் வேறுபாடு இருக்கிறதே என்று ஒருவரைத் தள்ளிவைப்பது தேவையற்றது. அதற்குமேல் போனால்தான் முன்னவருக்குச் சலிப்பும் பின்னவருக்கு மூச்சிரைப்பும் ஏற்படும்.

வேகத்தைப் பற்றிய இந்தப் பூசல் நூறு ஆண்டுக்கு மேற்பட்டது. 1904இல் பிரான்சில், டூர் டி பிரான்ஸ் போட்டியைத் தொடங்கிய ஒன்றி டிகிரான்ஜ் நெடுந்தூரச் சைக்கிளோட்டத்துக்கு ‘ஓடாக்ஸ்’ என்ற முறையை வகுத்தபோது, வீதித் தலைவர் ஒருவர் வேகத்தைக் கட்டுப்படுத்த, அவருக்குப் பின்னால் எல்லாரும் ஒரே குழுவாக ஓட வேண்டும் என்பதே விதி. இன்றும் அந்த முறையில் ஓடுகிறவர்கள் மணிக்கு 22.5 கிலோமீற்றர் என்ற வேகத்தை மீறுவதில்லை. 1921இல் ஒரு பகுதியினர் பிரிந்து, அவரவர் விரும்பிய வேகத்தில், குறித்த காலத்துக்குள் முடித்தாற் போதும் என்ற மாற்று முறையைக் கொண்டுவந்தார்கள். இன்று உலகெங்கும் பரவியிருப்பது இந்த இரண்டாவது முறை. 200 கிலோமீற்றரை பதின்மூன்றரை மணித்தியாலத்துக்குள் முடிக்கலாம், அதில் வடை தின்னும் நேரமும் அடக்கம். எனக்கு முதலாவது முறையின் மேல்தான் மனம் போகிறது. வேகமானவர் தன்னை அடக்கிக்கொள்ள ஒப்புக்கொண்ட பிறகே அங்கே ஓட்டம் தொடங்குகிறது. நம் ஊரில் ‘யாரையும் விட்டுவிட்டுப் போகமாட்டோம்’ என்று சொல்லி அழைக்கும் குழுக்கள் பலவற்றில் அப்படி ஒப்புக்கொண்ட ஒருவரைக் காண்பது அரிது.

ஒரு தடவை அப்படிப்பட்ட ஒரு பெரிய குழுவோடு பாணந்துறைக்குப் போனேன். போகும்போது எல்லாரும் சிரித்துக் கதைத்தார்கள். திரும்பும் வழியில் முன்னால் இருந்த நால்வர் ஒருவரை ஒருவர் சோதிக்கத் தொடங்கினார்கள். வேகம் மெல்ல மெல்ல ஏறியது. பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்தங்கினார்கள். கடைசியாகப் பின்தங்கியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். எல்லாரும் அவரைச் சேர் என்று அழைப்போம். நான் அவரோடு நின்றபோது அவர் கோபப்படவில்லை. ‘பிள்ளை, நீங்க முன்னால போங்கோ, நான் என்ர பாட்டில வாறன்’ என்றார். நான் போகவில்லை. அவருடைய பாட்டில் என்றால் மணிக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று கிலோமீற்றர். பஸ் நிறுத்தம் தெரிந்தால் ஐம்பது மீற்றருக்கு முன்பே பின்னால் திரும்பிப் பார்ப்பார். நிற்கும் பஸ்ஸை வலப்பக்கமாகத் தாண்டுவதானால் கையை நீட்டிக் காட்டிவிட்டு, பின்னால் வரும் வாகனம் வேகத்தைக் குறைத்ததைக் கண்ட பிறகே விலகுவார். நான் அதுவரை ஓடியவர்களில் அவரைப் போல அமைதியாக ஓட வைத்தவர் வேறெவரும் இல்லை. என் முதலாவது நிலையான துணை அவர்தான்.

துணிவு என்று நான் சொல்வது இதைத்தான். காலி வீதியில் சைக்கிள் ஓடுகிறவர் எடுக்கவேண்டிய முடிவுகள் பெரும்பாலும் பஸ்ஸைப் பற்றியவை. தனியார் பஸ் இரண்டு ஒன்றையொன்று முந்திக்கொண்டு வரும். பயணி ஒருவர் கை காட்டினால் சைக்கிளுக்கு முன்னால் குறுக்காக வெட்டி இடப்பக்கம் நிற்கும். அப்போது சைக்கிளில் இருப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. பஸ்ஸுக்குப் பின்னால் நின்று புகையைக் குடிக்கலாம். வலப்பக்கமாக வெளியே போகலாம். பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் இடையிலுள்ள சந்தில் நுழையலாம். மூன்றாவதைச் செய்கிறவரோடு நான் ஓடுவதில்லை. இறங்கும் பயணியின் கால் அந்தச் சந்தில்தான் வந்து விழும். இரண்டாவதைப் பாராமற் செய்கிறவரோடும் ஓடுவதில்லை, ஏனென்றால் அவருடைய பின்சில்லை ஒட்டி வருகிற எனக்கு அவர் பார்த்தாரா இல்லையா என்பது தெரியாது. ஒருவரின் காற்றில் ஒளிந்து ஓடுவது என்றால் அவருடைய கண்களை நம்பி ஓடுவது. நம்முடைய பார்வையில் அவருடைய முதுகும் பின்சில்லும் மட்டுமே இருக்கும். முன்னால் உள்ள பள்ளம், வடிகால் மூடியின் நீளவாக்கான கம்பிகள், நிறுத்திவைத்த காரின் திறக்கப்போகும் கதவு எல்லாம் அவருடைய கையசைவாகத்தான் நமக்கு வந்து சேரும். வேக வேறுபாட்டைக் காற்று ஈடுசெய்துவிடும் என்று மேலே சொன்னேன். துணிவின் வேறுபாட்டை ஈடுசெய்ய இப்படி ஒரு வழியும் கிடையாது. நெருக்கமாக ஓட ஓட அது இன்னும் ஆபத்தாகத்தான் மாறும்.

இதன் சின்ன வடிவம் ஒன்றை எவரும் முதல் நாளே காணலாம். விடியற்காலை ஐந்தேகாலுக்கு ஆளில்லாத சந்தியில் சிவப்பு விளக்கு எரிகிறது. முன்னவர் போய்விடுகிறார், பின்னவர் நிற்கிறார். போனவர் அப்பாற் போய்ப் பொறுமையில்லாமல் திரும்பிப் பார்க்கிறார். நின்றவருக்கு ஏதோ தான் கோழை என்று தோன்றுகிறது. அடுத்த சந்தியில் நின்றவரும் போய்விடுகிறார், அங்கே ஒரு லொறி வருகிறது. இருவரும் நிற்கிறவர்களாக இருந்தால் தொல்லை இல்லை. இருவரும் நில்லாதவர்களாக இருந்தாலும், அது எனக்கு உடன்பாடில்லை என்றாலும், அவர்களுக்குள் குழப்பம் வராது. ஒருவர் நின்று ஒருவர் போகும் சோடிதான் கெட்ட சோடி.

மழையும் இப்படியே ஆட்களைப் பிரித்துக் காட்டும். ஒக்டோபர், நவம்பரில் இடைப்பருவ மழை பின்னேரங்களிற் கொட்டினாலும் காலையில் வீதி காயாமலே இருக்கும். பாதசாரிக் கடவையின் வெள்ளைக் கோடு நனைந்தால் வழுக்கும். கடற்கரையோரத்தில் தண்டவாளத்தைக் கடக்கும் குறுக்கு வீதிகளில் ஈரமான இரும்பைச் செங்கோணத்தில் கடக்காவிட்டால் சில்லு மாட்டிக்கொள்ளும். நனைந்த வீதியில் தானாகவே இடைவெளியைக் கூட்டிக்கொள்கிறவரை நான் உடனே மனதில் குறித்துக்கொள்வேன்.

இவ்வளவையும் ஒருவரிடம் கேள்வியாகக் கேட்டு அறிய முடியாது. பாதுகாப்பாக ஓடுவீர்களா என்று கேட்டால் இல்லை என்று யார் சொல்வார்? ஆகவே முதல் ஓட்டத்தைச் சிறியதாக வைத்துக்கொள்வதே நல்லது. நான் புதியவர்களைக் கொள்ளுப்பிட்டியிலிருந்து கடலையும் தண்டவாளத்தையும் ஒட்டித் தெஹிவளை வரை போகும் மரைன் டிரைவுக்கு அழைக்கிறேன். அங்கே பஸ் தொல்லை குறைவு, வழி தவற வாய்ப்பே இல்லை, வேண்டாம் என்று தோன்றினால் எந்தச் சந்தியிலும் விடைபெற்றுக்கொள்ளலாம். திருமணத்துக்குப் பெண் பார்க்கப் போகிறவர்கள் முதல் நாளே முகூர்த்த நேரம் குறிப்பதில்லை; அதுபோல முதல் நாளே நீர்கொழும்புக்குப் போகக் கூடாது. அந்த ஒரு மணித்தியாலத்தில் நான் கவனிப்பவை சாதாரணமானவை. சொன்ன நேரத்துக்கு வந்தாரா? பின்னால் திரும்பிப் பார்க்கிறாரா? பக்கத்தில் ஓடும்போது முன்சில்லை அரைச்சில்லு முன்னால் தள்ளி, நம்மை அறியாமலே வேகமெடுக்க வைக்கிறாரா? ஒரு கையில் கைப்பேசியை வைத்துப் படம் எடுக்கிறாரா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால், நல்ல மனிதராக இருக்கக்கூடும், தேநீர் குடிக்கச் சந்தித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது ஓட்டம் நீளமாக இருக்க வேண்டும், ஏனென்றால் மனிதர்கள் கடைசி மணித்தியாலத்தில்தான் வெளிப்படுகிறார்கள். தண்ணீர் முடிந்து, வெயில் ஏறி, பசி எடுத்து, இன்னும் பதினைந்து கிலோமீற்றர் இருக்கும்போது ஒருவர் பேசாமற் போகலாம், எரிச்சலில் வேகமெடுக்கலாம், அல்லது செவ்விளநீர்க் கடையைக் கண்டதும் கை காட்டி நிறுத்தலாம். நான் மூன்றாமவரைத் தேடுகிறேன். இங்கே காற்றின் திசையையும் சற்று யோசிக்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் களுத்துறைப் பக்கம் போனால், போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது துணைக்காற்று. களைத்த நேரத்தில் பின்னாலிருந்து தள்ளும் காற்று எத்தனையோ நட்புகளைக் காப்பாற்றியிருக்கிறது. அதே மாதங்களில் வடக்கே போய்த் திரும்பினால் நிலைமை தலைகீழ். அதை அறியாமற் புறப்பட்ட சோடி ஒன்று பேலியகொடைக்கு வந்து சேரும்போது பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

வடக்கே போகிறவர்கள் வழியைப் பற்றியும் முன்கூட்டியே உடன்பட வேண்டும். 2011இல் திறக்கப்பட்ட தெற்கு அதிவேக நெடுஞ்சாலையிலும் 2013இல் திறக்கப்பட்ட கட்டுநாயக்கா நெடுஞ்சாலையிலும் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஆகவே நீர்கொழும்புக்கு வத்தளை, ஜா-எல ஊடாகச் செல்லும் பழைய வீதி இருக்கிறது. ஹமில்டன் கால்வாய்ப் பக்கமாக உஸ்வெட்டகெய்யாவ, பமுணுகம ஊடாகப் போகும் கரையோர வீதியும் இருக்கிறது. முதலாவது வேகமானது, நெரிசலானது. இரண்டாவதில் மீன்காரரும் நாய்களும் மணலும் உண்டு, வளைவுகள் உண்டு, சராசரி விழுந்துவிடும். எதைத் தெரிவுசெய்கிறார் என்பதிலேயே ஒருவர் எதற்காகச் சைக்கிள் ஓடுகிறார் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

நாட்காட்டிப் பொருத்தத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கொழும்பில் அது பெரிய விடயம். என்னோடு ஓடுகிறவர்களில் ஒருவர் தெஹிவளையைச் சேர்ந்த முஸ்லிம் இளைஞர். சுபஹுத் தொழுகையை முடித்துக்கொண்டுதான் அவர் வருவார். அவருக்காக ஐந்து மணியை ஐந்தரையாக மாற்றிக்கொண்டோம். நோன்பு மாதத்தில் அவர் காலையில் வரமாட்டார். நோன்பு துறப்பதற்கு முந்திய ஒரு மணித்தியாலத்தில் மெதுவாகத் தனியே ஓடுவார். இன்னொருவர் நுகேகொடையிலிருந்து வரும் சிங்களப் பெண், மருத்துவமனைத் தாதி. அவருடைய வேலை முறை வாரத்துக்கு வாரம் மாறும். கத்தோலிக்கரான நண்பர் ஞாயிறு பூசைக்கு ஏழரைக்குள் திரும்ப வேண்டும். நான் வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடுவதில்லை, ஆகவே வெள்ளியில் வரும் போயா நாட்களில் மீன் வைத்த மாலுபாண் விற்கும் கடை எனக்குப் பயன்படாது. இத்தனைக்கும் பொதுவாக அமைவது போயா தினம். மாதந்தோறும் பௌர்ணமிக்கு நாடு முழுவதும் விடுமுறை. கடைகள் பிந்தித் திறக்கும், அலுவலக வாகனங்கள் இல்லை, காலி வீதி விடிந்து வெகுநேரம்வரை காலியாகவே இருக்கும். வெசாக் மட்டும் விலக்கு. அன்று இலவசமாக உணவு வழங்கும் தன்சல்களின் முன்னால் மக்கள் வீதியை மறித்து நிற்பார்கள், கொடியசைத்து நம்மையும் நிறுத்துவார்கள், நிறுத்தினால் சாப்பிடாமல் விடமாட்டார்கள். அன்று சராசரி வேகம் பார்ப்பவர் வீட்டில் இருப்பது நல்லது.

மொழிகள் கலந்த குழுவில் பள்ளத்தைக் கண்டால் எந்த மொழியிற் கத்துவது என்ற குழப்பம் முதல் இரண்டு வாரம் இருந்தது. இப்போது கையாற் காட்டுகிறோம். நிலத்தைச் சுட்டினால் பள்ளம், முதுகுக்குப் பின்னால் கையை வீசினால் நிறுத்திய வாகனம், உள்ளங்கையை விரித்துப் பின்னால் காட்டினால் நிற்கப்போகிறேன். இவற்றைப் புறப்படுமுன் இரண்டு நிமிடம் செய்து பார்த்துவிட்டாற் போதும்.

சைக்கிளைப் பற்றி நீட்டத் தேவையில்லை. கார்பன் சட்டம் வைத்திருப்பவருக்கும் பழைய இரும்புச் சட்டம் வைத்திருப்பவருக்கும் இடையில் பொருத்தம் வரும். ஆனால் ஒருவர் 25 மில்லிமீற்றர் ரயரிலும் மற்றவர் மலைச் சைக்கிளின் தடித்த, பல்லுப் பதித்த ரயரிலும் ஓடினால், பின்னவர் ஓயாமல் பாடுபட்டே சேர்ந்து வர வேண்டியிருக்கும். ரயரை மட்டும் வழுவழுப்பானதாக மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். மேலதிக ரியூபும் காற்றடிக்கும் பம்பும் ஆளுக்கொன்று, நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பைக்கற் ஒன்று, இரு பக்கமும் விளக்கு, தலைக்கவசம். தலைக்கவசம் இல்லாமல் வருகிறவரோடு நாங்கள் புறப்படுவதில்லை, அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும்.

பெண்களுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். அறிமுகமில்லாதவர்களைச் சைக்கிளுக்கென்று சந்திக்கும்போது, வீட்டு வாசலைச் சந்திக்கும் இடமாகக் குறிக்காதீர்கள். ஸ்ட்ராவாவில் வீட்டைச் சுற்றியுள்ள பகுதியை மறைக்கும் வசதி உண்டு, அதை முதலில் இயக்கிவிடுங்கள். முதற் சில ஓட்டங்களுக்கு, வாட்ஸ்அப்பில் நகரும் இருப்பிடத்தை வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவைக்கலாம். இதற்காகச் சங்கடப்படுகிற ஆண் துணை ஒருவரை நான் இதுவரை காணவில்லை. சங்கடப்படுகிற ஒருவர் வந்தால் அவரோடு இரண்டாவது ஓட்டம் இருக்காது. இன்னொரு வகைத் தொல்லை இதைவிட நுட்பமானது. கேட்காமலே ஆசனத்தின் உயரத்தையும் கியரையும் திருத்த வருகிற அண்ணாமார் எல்லாக் குழுவிலும் உண்டு. அவர்கள் சொல்வது சில வேளைகளிற் சரியாகவும் இருக்கும் என்பதுதான் எரிச்சல்.

கிடைத்த துணை நிலைப்பதில்லை என்பது கொழும்பின் தனிக் குணம். 2022க்குப் பிறகு என் அறிமுகத்திலேயே நல்ல ஓட்டக்காரர் பலர் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். போகுமுன் சைக்கிளை விற்பதற்கு வாட்ஸ்அப்பில் படம் போடுவார்கள். அந்தப் படத்தைக் கண்டதும் இன்னொருவர் குறைகிறார் என்று தெரிந்துவிடும். சேருக்கு முழங்காலில் வலி, இப்போது காலி முகத்திடல்வரை மட்டுமே வருகிறார். சிலருக்குக் குழந்தை பிறக்கிறது, ஓரிரு ஆண்டுகள் காணாமற் போகிறார்கள். எனவே ஒருவரைக் கண்டுபிடித்ததும் தேடலை நிறுத்திவிடக் கூடாது. ஐந்தாறு பேரோடு அறிமுகம் இருந்தால், எந்த ஞாயிறும் இருவராவது கிடைப்பார்கள். எண்ணிக்கை எட்டைத் தாண்டினால் சமிக்ஞை விளக்கில் இரண்டாகப் பிரிந்துவிடுகிறோம், யாராவது வேகமெடுக்கத் தொடங்குகிறார்கள், பழைய கதை மறுபடி ஆரம்பமாகிறது. அதற்குமேல் ஆள் சேர்ந்தால் இரண்டு குழுவாகப் பிரிந்து, இருபது நிமிட இடைவெளியிற் புறப்பட்டு, ஒரே தேநீர்க் கடையிற் சந்திப்பது என்று இப்போது ஏற்பாடு செய்திருக்கிறோம்.

வருகிற போயாவுக்குப் புதிதாக இருவர் வருகிறார்கள். ஒருவர் பம்பலப்பிட்டியில் கணக்காளர், தன் சராசரி முப்பது என்று எழுதியிருக்கிறார். மற்றவர் கொட்டாஞ்சேனையில் ஆசிரியை, சராசரி என்றால் என்னவென்று தெரியாது, ஆனால் சிறு வயதில் பருத்தித்துறை வீதியில் நாளாந்தம் ஓடியிருக்கிறேன் என்றார். இருவரையும் மரைன் டிரைவில்தான் சந்திக்கப்போகிறோம். காலி வீதிக்குத் திரும்புமுன் வருகிற முதலாவது சமிக்ஞை விளக்கில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு, மேற்கொண்டு பாணந்துறைக்குப் போவதா, வெள்ளவத்தையில் தோசையோடு முடிப்பதா என்பதைத் தீர்மானிப்போம்.